ஸ்டியரிங்குக்கு ஒரு கம்பளி உறை

 

குளிர் வந்தால் நாம் ஸ்வெட்டர் போடுகிறோம். குல்லா போடுகிறோம். காருக்கு யாராவது ஸ்வெட்டர் போடுவார்களா? சிரிக்காதீர்கள். போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் முழுவதற்கும் அல்ல. காருக்குள்ளே கை படுகிற இடத்துக்கு மட்டும். ஸ்டியரிங்குக்கு ஓர் உறை. கியர் குமிழுக்கு ஓர் உறை. முழங்கால் மேல் போட ஒரு சின்னப் போர்வை. எல்லாம் கம்பளி நூலில், கையால் பின்னியவை.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பின்னல் சரியாக இருந்தால் ஓட்டுபவரின் கைக்கு இதமாக இருக்கும். சரியாக இல்லாவிட்டால் வண்டி பள்ளத்தில் போய் விழும். அதனால்தான் இந்தப் பேச்சு.

நம் நாட்டில் கடுங்குளிர் உள்ள இடங்களில் ஒன்று லாஹௌல். இமாசலப் பிரதேசத்தில், மணாலிக்கு வடக்கே உள்ள மலைப் பள்ளத்தாக்கு அது. மணாலியிலிருந்து அங்கே போக முன்பு ரோதாங் கணவாயைத் தாண்ட வேண்டும். அதன் உயரம் 3,978 மீட்டர். பனி விழுந்தால் பாதை மூடிவிடும். வருடத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் லாஹௌல் மக்கள் வெளி உலகத்திலிருந்து பிரிந்து கிடந்தார்கள்.

அந்த ஆறு மாதமும் பெண்கள் என்ன செய்வார்கள்? அடுப்பு ஓரம் உட்கார்ந்து பின்னுவார்கள். காலுறை, கையுறை, குல்லா. அங்கே இந்தப் பின்னல் எப்படி வந்தது தெரியுமா? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த மொராவியன் கிறித்தவ சபையார் கேலாங் என்ற ஊரில் தங்கினார்கள். அவர்கள்தான் அங்குள்ள பெண்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுத் தந்தார்கள். பெண்கள் கற்றுக்கொண்டார்கள். தங்கள் ஊர் வண்ணங்களையும் கோலங்களையும் அதில் சேர்த்தார்கள். இன்று லாஹௌல் காலுறை என்றால் அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் லாஹௌல் காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி அங்கே ஒரு சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. பெயர் அடல் சுரங்கம். மலையைக் குடைந்து 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்ட பாதை. இப்போது ரோதாங்கில் பனி விழுந்தாலும் கார்கள் மலைக்கு அடியில் புகுந்து லாஹௌல் போகின்றன. பனி கொட்டுகிற மாதத்திலும் டாக்சி ஓடுகிறது. பின்னத் தெரிந்த ஊருக்குள் கார் வந்துவிட்டது.

ஒரு டாக்சி ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை 5 மணி. வண்டி இரவெல்லாம் வெளியே நின்றிருக்கிறது. கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். ஐஸ் கட்டியைப் பிடித்தது போல இருக்கும். கியர் குமிழும் அப்படித்தான். விரல் மரத்துப் போகிறது. மரத்த விரலால் மலைப் பாதையில் வண்டி ஓட்ட வேண்டும்.

கம்பளி சுற்றினால் ஏன் குளிராது? கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. கம்பளி மயிர் சுருண்டு சுருண்டு இருக்கும். அந்தச் சுருளுக்குள் காற்று தங்கும். நம் கையின் சூட்டை அந்தக் காற்று வெளியே போக விடாது. இரும்பும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் அப்படி இல்லை. தொட்ட உடனே கையின் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

சரி, அந்த ஓட்டுநரின் மனைவிக்குப் பின்னத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டியரிங்குக்கு ஓர் உறை பின்ன நினைக்கிறார். எங்கே தொடங்குவார்?

ஊசியை எடுக்கும் முன் அளவு எடுப்பார். அவசரப்படுகிறவர்கள் தவறுவது இங்கேதான். எல்லாக் காருக்கும் ஸ்டியரிங் ஒரே அளவு அல்ல. பக்கத்து வீட்டுக் காருக்குப் பின்னியது நம் காருக்குச் சேராது. ஒரு நூலை எடுத்து ஸ்டியரிங் வளையத்தின் வெளி விளிம்பைச் சுற்றி அளக்க வேண்டும். அந்த நூலை டேப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். 116 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வளையத்தின் பருமன். கை பிடிக்கும் இடத்தில் நூலை ஒரு சுற்று சுற்றி அளக்க வேண்டும். அது 9.5 சென்டிமீட்டர்.

அப்படியானால் உறையின் நீளம் 116, அகலம் 9.5 தானே? இல்லை! இரண்டிலும் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். நீளம் 104. அகலம் 8.5.

ஏன் குறைக்க வேண்டும்? வீட்டில் ஒரு வேட்டியை எடுத்து அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். நீளாது. ஒரு பனியனை இழுத்துப் பாருங்கள். நீளும். விட்டால் சுருங்கும். வேட்டி நெய்த துணி. அதில் நூல் குறுக்கும் நெடுக்குமாக நேராக ஓடுகிறது. பனியன் பின்னிய துணி. திருப்பூரில் இயந்திரம் அதைப் பின்னுகிறது. அதில் நூல் நேராக ஓடுவதில்லை. கண்ணி கண்ணியாக வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கிறது. இழுத்தால் கண்ணி விரியும். கையால் பின்னும் ஸ்வெட்டரும் இதே குணம்தான். அளவைவிடச் சிறிதாகப் பின்னி, இழுத்து மாட்டினால், உறை சுருங்கி வளையத்தைக் கவ்விப் பிடிக்கும். சரியான அளவில் பின்னினால் கவ்வாது. தொளதொள என்று கிடக்கும்.

இனி நூல். கடையில் 50 கிராம் உருண்டைகளாக விற்கிறார்கள். பஞ்சாபில் உள்ள லூதியானா கம்பளி நூலுக்கும் ஸ்வெட்டருக்கும் பேர் போன ஊர். உருண்டையைச் சுற்றி ஒரு காகிதச் சீட்டு இருக்கும். அதைக் கிழித்து எறியாதீர்கள். படியுங்கள். ஆங்கில எழுத்தாக இருந்தால் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அசல் கம்பளியா, அக்ரிலிக்கா என்று அதில் இருக்கும். அக்ரிலிக் என்பது ஆலையில் செய்யும் செயற்கை நூல். விலை குறைவு. துவைக்கச் சுலபம். ஆனால் வழவழப்பு அதிகம். பீடி நெருப்பு பட்டால் கம்பளி கருகி நின்றுவிடும். அக்ரிலிக் உருகிக் கையில் ஒட்டும். ஸ்டியரிங்குக்குக் கம்பளி நூலே நல்லது.

அதே சீட்டில் லாட் நம்பர் என்று ஓர் எண் இருக்கும். ஒரே தொட்டியில் சாயம் ஏற்றிய நூலுக்கு ஒரே எண். இரண்டு உருண்டை வாங்கினால் இரண்டிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். எண் மாறினால் கடையில் ஒரே சிவப்பாகத் தெரியும். வெயிலில் வைத்தால் இரண்டு சிவப்பாகத் தெரியும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஓர் உருண்டை போதும். கெட்டியாகப் பின்னுகிறவர்களுக்கு இரண்டாவதும் தேவைப்படும்.

ஊசிக்கும் எண் உண்டு. இதில் ஒரு வேடிக்கை. நம் நாட்டுக் கடைகளில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர் பருமன். 10ஆம் எண் அதைவிட மெல்லியது. நடுத்தர நூலுக்கு 8ஆம் எண் பொருந்தும்.

எத்தனை கண்ணி ஏற்ற வேண்டும்? மற்றவர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு இறுக்கம். முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அதன் நடுவில் 10 சென்டிமீட்டர் அளந்து, அதற்குள் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். அந்த அம்மாள் எண்ணியபோது 22 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டருக்கு 22 என்றால், 8.5 சென்டிமீட்டருக்கு எத்தனை? 22ஐ 8.5ஆல் பெருக்கி 10ஆல் வகுத்தால் 18.7. அரைக் கண்ணி, முக்கால் கண்ணி என்று ஏற்ற முடியாது. 19 கண்ணி. சிலேட்டில் போட்டுப் பாருங்கள்.

பிறகு பின்னல் சுலபம். 19 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையையும் ஒரே மாதிரி நேராகப் பின்னிக்கொண்டே போகலாம். பூ வேண்டாம், கோலம் வேண்டாம். இப்படிப் பின்னினால் துணியில் வரப்பு வரப்பாக மேடு எழும்பும். அந்த வரப்பு கைக்குப் பிடிமானம் தரும். ரிப்பன் போல நீண்டு 104 சென்டிமீட்டர் வந்ததும் கண்ணிகளை அடைத்து முடிக்க வேண்டும். அளக்கும்போது ரிப்பனைத் தரையில் போட்டு அளக்க வேண்டும். தொங்கவிட்டு அளந்தால் சொந்தப் பாரத்தில் நீண்டு, பொய் அளவு காட்டும்.

அடுத்தது பொருத்துவது. பின்னுவதைவிட இதில்தான் கவனம் வேண்டும். ரிப்பனின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் வளையமாகிவிடும். அதை ஸ்டியரிங் மேல் இழுத்து மாட்ட வேண்டும். சிரமப்பட்டுத்தான் ஏறும். சிரமப்படாமல் ஏறினால் அளவு தவறு. பிறகு இரண்டு ஓரங்களையும் வளையத்தின் உள்பக்கமாகக் கொண்டு வந்து, கெட்டியான நைலான் நூலை இரட்டையாகக் கோத்து, நெருக்கமாகத் தைக்க வேண்டும்.

ஸ்டியரிங்கில் வளையத்தையும் நடுப்பகுதியையும் இணைக்கும் ஆரக்கால்கள் உண்டு. மாட்டு வண்டிச் சக்கரத்தில் இருப்பது போல. அந்த இடத்தில் ஓரங்கள் சேராது. பரவாயில்லை. ஆரக்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலைந்து தையல் கூடுதலாகப் போட்டு முடிச்சுப் போட வேண்டும். உறை சுற்றிக்கொண்டு போகாமல் நிறுத்துவது அந்த முடிச்சுகள்தான். ஆரக்காலை மூடக் கூடாது. ஹாரன் பொத்தானை மூடவே கூடாது.

முடிந்ததா? இன்னும் இல்லை. வண்டியை எடுக்கும் முன் சோதிக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பல வண்டிகளில் அது பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு இரண்டு கையாலும் உறையைப் பிடித்து, ஈரத் துணி பிழிவது போலப் பலமாக முறுக்க வேண்டும். உறை ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் அது ஆகாது. தையலைப் பிரித்து, மறுபடி இறுக்க வேண்டும். இரண்டாவது சோதனை, ஆரக்கால்களின் பக்கத்தில் உள்ள தையலை விரலால் நெம்பிப் பார்ப்பது. மூன்றாவது, கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பிடித்துப் பார்ப்பது. ஈரக் கையில் வழுக்கினால் அந்த உறை மலைக்கு ஆகாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மணாலியிலிருந்து லே போகும் பாதையில் காட்டா லூப்ஸ் என்று ஓர் இடம். அடுத்தடுத்து 21 கொண்டை ஊசி வளைவு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் கொல்லிமலையில் 70 வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கை மாற்றிக் கை மாற்றித் திருப்புகிறார். உறை தொளதொளவென்று இருந்தால் என்ன ஆகும்? கை திரும்பும், உறை திரும்பும், உள்ளே இருக்கும் வளையம் திரும்பாது. வண்டி நேராகப் போகும். பாதையோ வளைந்து போகும். இரண்டு அங்குல வழுக்கல் போதும்.

ஆகவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கைவேலை தெரிந்த பெண்கள் எதைப் பார்த்தாலும் அதற்கு ஓர் உறை பின்ன நினைப்பார்கள். டி.வி.க்கு உறை, மிக்சிக்கு உறை. வீட்டில் அதனால் ஆபத்து இல்லை. காருக்குள் அப்படி அல்ல. சில இடங்களில் பின்னல் போகவே கூடாது.

ஓட்டுநரின் காலடியில் பின்னிய மிதியடி கூடாது. அது சுருண்டு பிரேக்குக்கு அடியில் போய்விடும். பிரேக்கை மிதித்தால் இறங்காது. முன் கண்ணாடி அருகே ஆடும் கம்பளிப் பொம்மை கூடாது. அது ஆடும் நேரத்தில் எதிரே வருகிற ஆள் மறைந்துவிடுவார்.

அடுத்தது ஏர்பேக். இதைப் பலர் அறிவதில்லை. வண்டி மோதினால் கண் இமைக்கும் நேரத்துக்குள் காற்றுப் பை ஒன்று வெடித்து விரிந்து, ஆளின் தலையும் மார்பும் அடிபடாமல் தாங்கும். அதுதான் ஏர்பேக். 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அது எங்கே இருக்கிறது? ஸ்டியரிங்கின் நடுப்பகுதியில், மூடிக்கு உள்ளே. பக்கத்து ஆளுக்கான பை அவருக்கு எதிரே உள்ள டேஷ்போர்டுக்குள். சில கார்களில் சீட்டின் பக்கவாட்டிலும் உண்டு. பை இருக்கும் இடத்தில் ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். தெரிந்தவரைக் கேட்டு அந்த எழுத்துகளை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்து இருக்கும் இடத்தில் உறை கூடாது. ஸ்டியரிங் நடுவில் அழகுக்குப் பூவும் மணியும் வைத்துத் தைத்தால், பை விரியும் வேகத்தில் அந்த மணி முகத்தில் வந்து அடிக்கும். சீட்டை முழுவதும் மூடித் தைத்தால் பக்கத்துப் பை வெளியே வர வழி இருக்காது.

கியர் குமிழுக்கு உறை போடலாம். அது கைக்குழந்தையின் காலுறை மாதிரிதான். சின்னது. ஒரு மணி நேர வேலை. ஆனால் பல கார்களில் குமிழுக்குக் கீழே ஒரு வளையம் உண்டு. அதை மேலே தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். உறை அந்த வளையத்துக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். குமிழின் தலையில் 1, 2, 3, 4, 5 என்று கியர் எண் போட்டிருக்கும். உறை அதை மறைத்துவிடும். தினமும் ஓட்டுகிறவருக்குக் கவலை இல்லை. புதிய ஆள் ஓட்டினால் திண்டாடுவார்.

எல்லாவற்றிலும் கவலை இல்லாதது முழங்கால் போர்வை. பின் சீட்டில் உட்காரும் பாட்டிக்கும் குழந்தைக்கும் அது போதும். மிச்சம் மீதி நூலில்கூடப் பின்னலாம். ஓட்டுநருக்கு மட்டும் வேண்டாம். கால் அசைய இடம் வேண்டும்.

நம் ஊருக்கு இதெல்லாம் வேண்டுமா? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தையில் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி படியும் நாட்கள் உண்டு. அங்கே வேண்டும். மதுரையிலும் வேலூரிலும் ஸ்டியரிங்குக்குக் கம்பளி சுற்றினால் கைதான் வேர்க்கும். வியர்வை ஊறினால் வழுக்கும். சமவெளிக்காரர்கள் சீட்டின் மேல் ஒரு பருத்தித் துண்டு விரிக்கிறார்களே, அதுவே சரி.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். அந்த அம்மாள் பின்னியதைப் பார்த்து, சுற்றுலா வந்த ஒருவர் விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன விலை சொல்வது? பலர் நூல் விலையை மட்டும் நினைத்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். நூலும் தையல் நூலும் 90 ரூபாய் என்று வையுங்கள். 150 ரூபாய் என்று சொன்னால் 60 ரூபாய் லாபம் போலத் தெரியும். லாபமா அது? ஒரு சென்டிமீட்டருக்கு 4 வரிசை என்றால், 104 சென்டிமீட்டருக்கு 416 வரிசை. வரிசைக்கு 19 கண்ணி. மொத்தம் 7,904 கண்ணி! பழகிய கைக்கும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. பொருத்தித் தைக்க ஒன்றரை மணி. ஆக ஏழரை மணி நேரம். 60 ரூபாயை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8 ரூபாய். உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவு? இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மணிக்கு 50 ரூபாய் என்று தன் உழைப்புக்கு விலை வைத்தால் உறை 465 ரூபாய் ஆகும். அந்த விலைக்கு எளிதில் விற்காது. ஆகவே ஸ்டியரிங் உறை விற்பனைக்கு ஏற்ற சரக்கு அல்ல. வீட்டு வண்டிக்குப் பின்னலாம். விற்பதற்குக் காலுறையும் கியர் உறையும் முழங்கால் போர்வையும் இருக்கின்றன. லாஹௌல் காலுறைக்குப் பெயர் இருப்பதால் நல்ல விலையும் கேட்கலாம்.

காசு மட்டும் காரணம் அல்ல. ஸ்டியரிங் உறையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால், வாங்கியவர் தன் ஊருக்குப் போய்த் தானே மாட்டுவார். அளவு சேராமல் போகலாம். முடிச்சு இல்லாமல் ஓட்டலாம். யாராவது கட்டாயம் வேண்டும் என்று கேட்டால், அவருடைய வண்டியிலேயே அளவெடுத்து, அதிலேயே பொருத்தி, முறுக்கிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வண்டியைக் காட்ட முடியாதவருக்குப் போர்வையைக் கொடுங்கள்.

குளிர்காலம் முடிந்ததும் உறையைக் கழற்றிவிட வேண்டும். கோடையில் அழுக்கும் எண்ணெயும் ஏறினால் கம்பளி வழவழவென்று ஆகிவிடும். பின்னல் நூல் சிவப்பு என்றால் தைக்கும் நைலான் நூல் வெள்ளையாக இருக்கட்டும். அப்போதுதான் பிரிக்கும்போது எந்த நூலை வெட்டுவது என்று தெரியும். பின்னலில் கத்தரி பட்டால் கண்ணி வரிசையாக உருவிக்கொள்ளும். கழற்றிய உறையைப் பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். நிழலில் பாயில் பரப்பி உலர்த்தி, காய்ந்த வேப்பிலை போட்டு மடித்து வைக்கலாம். அடுத்த குளிருக்கு எடுத்து மாட்டும்போது மறுபடி புதிய நூலில் தையல். மறுபடி அதே மூன்று சோதனை.